அசுவினியும் அதனை அகற்றும் முறையும்

பயிர்த்தொழிலில் விதைப்பதும் நீர் பாய்ச்சுவதும் பாதி வேலையே; விளைந்து வரும் பயிரைக் காப்பது மறுபாதி. உழவின் சிறப்பைப் பேசிய வள்ளுவரும் ஏர், எரு, களை, நீர் ஆகியவற்றையெல்லாம் கூறி, காவலையே அவற்றிற்கு மேலாக வைத்தார். ஆடு மாடுகளிடமிருந்து பயிரைக் காக்க வேலி போதும். ஆனால், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிறு பகையிடமிருந்து காப்பதற்கு வேலி உதவாது. அறிவும் பொறுமையுமே உதவும். அத்தகைய சிறு பகைகளுள் ஒன்று அசுவினி. செடிப்பேன் என்றும் இதனைக் கூறுவர்.

அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அருகே, கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் மீன்சுருட்டி. இவ்வூரைச் சுற்றியுள்ள பகுதிகளில் நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் பருத்தியும் முந்திரியும் பயிராகின்றன. வீட்டுக் கொல்லைகளில் அவரைப் பந்தலும் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் இடம்பெறுகின்றன. மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில் அவரைக்கொடி பூத்துக் குலுங்கும். அக்காலத்தில் பந்தலின் அடியில் நின்று இளந்தளிரைச் சற்றே திருப்பிப் பாருங்கள். பூங்கொத்தின் காம்பிலும் பிஞ்சின் மேலும் கருநிறத் துகள்கள் அப்பியிருப்பதைச் சில வேளைகளிற் காணலாம். அவை தூசியல்ல, உயிருள்ள பூச்சிகள். பருத்தி, வெண்டை, கத்தரி ஆகியவற்றின் இலைகளுக்கு அடியில் இவற்றின் இனத்தைச் சேர்ந்த பச்சை அல்லது மஞ்சள் நிறப் பூச்சிகள் கூட்டமாக வாழ்கின்றன.

அசுவினியின் உடல் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் நீளமே உடையது, மிக மென்மையானது. வயிற்றின் பின்பகுதியில் இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இவ்விரு குழல்களைக் கொண்டே இதனைப் பிற பூச்சிகளினின்றும் வேறு பிரித்தறியலாம். இது இலையைக் கடித்துத் தின்பதில்லை. ஊசி போன்ற தன் வாயுறுப்பைத் தளிருக்குள் செலுத்தி, செடியின் உணவுச் சாறு ஓடும் குழாயைத் துளைத்து உறிஞ்சுகிறது. அதனால் தளிர் சுருள்கிறது, பூ உதிர்கிறது, பிஞ்சு வாடுகிறது.

செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்துப் பொருள்கள் குறைவு. ஆதலால், தனக்கு வேண்டியதைப் பெறுவதற்கு அசுவினி அளவுக்கு மிஞ்சிச் சாற்றைக் குடிக்க வேண்டியிருக்கிறது. மிஞ்சிய சர்க்கரையை அது தேன் போன்ற கழிவாக வெளியிடுகிறது. இக்கழிவு இலைகளின்மேல் சிந்திப் பிசுபிசுப்பாகப் படிகிறது. அதன்மேல் கரும்பூசணம் வளர்ந்து கதிரவன் ஒளியை மறைக்கிறது. அவ்வினிப்பை நாடி எறும்புகளும் வருகின்றன. இடையன் ஆநிரையைக் காப்பதுபோல எறும்புகள் அசுவினிகளைக் காத்து, அவற்றை உண்ண வரும் பூச்சிகளை விரட்டுகின்றன. செடியில் எறும்புகள் சாரை சாரையாக ஏறுவதைக் கண்டால், தளிரில் அசுவினி உண்டா என்று உடனே பார்த்தல் வேண்டும்.

சாற்றை இழப்பதனால் வரும் கேட்டினும் நோய் பரவுவதனால் வரும் கேடு பெரிது. நோயுற்ற செடியின் சாற்றைக் குடித்த அசுவினி, அந்நோயின் நச்சுயிரியை நல்ல செடிக்குக் கொண்டு செல்கிறது. கீழ்ப்பழனி மலைப்பகுதியில் புகழ்பெற்று விளங்கிய விருப்பாட்சி வாழை, இருபதாம் நூற்றாண்டில் முடிக்கொத்து நோயினால் பேரழிவுக்கு உள்ளாயிற்று. அந்நோயை வாழைக்கு வாழை பரப்புவது ஒருவகை அசுவினியே ஆகும்.

இவ்வளவு சிறிய பூச்சி இத்துணைப் பெருங்கேட்டினை விளைப்பது எவ்வாறு? அதன் வலிமை உடலில் இல்லை, பெருக்கத்தில் இருக்கிறது. நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் அசுவினிகளுட் பெரும்பாலானவை பெண்பூச்சிகளே. அவை ஆணின் துணையின்றியே, முட்டையிடாமல், குஞ்சுகளையே ஈனுகின்றன. அக்குஞ்சுகள் ஒரு வாரம் அல்லது பத்து நாள்களில் வளர்ந்து தாமும் ஈனத் தொடங்குகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய்ப்பூச்சி 40 குஞ்சுகளை ஈனுவதாகக் கொள்வோம். அவை அனைத்தும் பிழைத்தால், அடுத்த தலைமுறையில் 1,600 பூச்சிகள். அதற்கடுத்த தலைமுறையில் 64,000 பூச்சிகள். இயற்கையில் மழையும் பகைப்பூச்சிகளும் பெரும்பகுதியை அழித்துவிடுவதனாலேயே உலகம் அசுவினியால் நிறைந்துவிடவில்லை. கூட்டம் மிகுந்து இடம் போதாதபோது, இறகு முளைத்த பூச்சிகள் தோன்றி வேறு செடிகளை நாடிப் பறந்துவிடுகின்றன.

இப்பெருக்கத்தை உணர்ந்தவர்க்கே, ஒருமுறை மருந்து தெளித்தால் ஏன் போதாது என்பது விளங்கும். ஒரு செடியில் 1,000 அசுவினிகள் இருப்பதாகவும், தெளிப்பினால் நூற்றுக்குத் தொண்ணூறு மடிவதாகவும் வைத்துக்கொள்வோம். சுருண்ட இலைக்குள் மறைந்திருந்த 100 பூச்சிகள் பிழைத்துக்கொள்ளும். அவை ஒரு வாரத்தில் ஐந்து மடங்காகப் பெருகினால் 500 ஆகும். அப்போது மீண்டும் தெளித்தால் 50 எஞ்சும். அவை அடுத்த வாரத்தில் 250 ஆகும். மூன்றாம் முறை தெளித்தால் 25 மட்டுமே எஞ்சும். ஆனால், முதல் தெளிப்பிற்குப் பின், “பூச்சி ஒழிந்தது” என்று இரண்டு வாரம் வாளா இருந்தால், எஞ்சிய 100 பூச்சிகள் 2,500 ஆகிவிடும். அஃதாவது, தொடங்கியபோது இருந்ததைவிட இரண்டரை மடங்கு! இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவையே எனினும், இவை காட்டும் உண்மை உறுதியானது. மருந்தின் கடுமையினும், உரிய இடைவெளியில் திரும்பத் திரும்பத் தெளிப்பதே பயன் தருவது.

இனித் தெளிக்கும் முறையைக் காண்போம். வாரத்திற்கு இருமுறையேனும் தளிர்களையும் இலையின் அடிப்பக்கத்தையும் நோக்குதல் முதற்கடமை. பூச்சிகள் சிலவாக இருக்கும்போதே அவை மொய்த்த நுனியைக் கிள்ளிச் சோப்பு நீரில் இட்டுவிடலாம். சற்றே மிகுந்திருந்தால், செடி ஒடியாதவாறு தண்ணீரை விசையுடன் இலையின் அடியில் பீச்சலாம். வாயுறுப்பைத் தளிரில் ஊன்றியிருக்கும் அசுவினி கீழே தள்ளப்பட்டால், பெரும்பாலும் மீண்டும் செடியேற மாட்டாது. இம்முறைக்குச் செலவு ஏதுமில்லை.

அதற்கும் அடங்காவிடில் சோப்புக் கரைசலைத் தெளிக்கலாம். ஒரு லிட்டர் நீரில் 5 முதல் 10 கிராம் வரை சாதாரணச் சோப்பைச் சீவிக் கரைத்தால் போதும். சோப்பு நீர் அசுவினியின் உடலைக் காக்கும் மெழுகுப் பூச்சினைக் கரைத்து, மூச்சுத் துளைகளையும் அடைக்கிறது. ஆனால், நீர் உலர்ந்தபின் அதன் ஆற்றல் போய்விடும். நனைந்த பூச்சியே மடியும். நனையாத பூச்சிக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆகவே, தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடிப்பக்கம் நன்கு நனையுமாறு தெளித்தல் வேண்டும். முதலில் இரண்டொரு இலைகளில் தெளித்து, அவை கருகவில்லை என்று கண்டபின் செடி முழுவதற்கும் தெளிப்பது நலம்.

வேப்பங்கொட்டைக் கரைசல் நம் நாட்டின் தனிச் செல்வம். ஓடு நீக்கிய வேப்பம் பருப்பு 50 கிராம் எடுத்து, இடித்துத் தூளாக்கி, சிறிது நீரில் ஓர் இரவு ஊறவைத்தல் வேண்டும். மறுநாள் துணியில் வடிகட்டி, ஒரு லிட்டர் ஆகும்வரை நீர் சேர்த்து, இலையில் ஒட்டுவதற்காகச் சிறிதளவு சோப்பையும் கலந்து, அன்றே தெளித்துவிடல் வேண்டும். வெயிலில் இதன் ஆற்றல் விரைந்து குறையும். ஆகையால் மாலை வேளையே ஏற்றது. வேம்பு பூச்சியை உடனே கொல்வதில்லை. அது பூச்சியின் உணவு வேட்கையைக் குறைத்து, தோலுரித்து வளரும் நிகழ்ச்சியைக் குலைக்கிறது. மறுநாள் வந்து பார்த்துவிட்டு, “பயனில்லை” என்று கைவிடுபவர் இதன் இயல்பை அறியாதவர். வேம்பின் இச்சிறப்பை நம் உழவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகளும் தீண்டுவதில்லை என்பதை 1962-ஆம் ஆண்டில் ஆய்ந்து வெளியிட்டனர். இதற்குக் காரணமான அசாடிராக்டின் என்னும் பொருள் 1968-ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டது.

மேற்கூறிய கரைசல்களுள் எதனைத் தெளித்தாலும், ஐந்து அல்லது ஏழு நாள்களுக்கு ஒருமுறையாக மூன்று முறையேனும் தெளித்தல் வேண்டும். இடையில் மழை பெய்து மருந்தைக் கழுவிவிட்டால் மறுபடியும் தெளிக்க வேண்டும். காற்றுக்கு எதிராக நின்று தெளித்தல் ஆகாது. பணி முடிந்ததும் கை கால்களையும் தெளிப்பானையும் கழுவுதல் வேண்டும். காய்களை நன்கு கழுவிய பின்னரே சமைத்தல் வேண்டும். புகையிலைக் கஷாயத்தைத் தெளிக்கும் வழக்கமும் முன்பு உண்டு. அதிலுள்ள நிக்கோட்டின் மனிதர்க்கும் கொடிய நஞ்சாதலின், மாணவர்கள் அதனைக் கையாளவே கூடாது.

“இத்துணை முயற்சி எதற்கு? ஒரே முறையில் அனைத்தையும் கொல்லும் கடுநஞ்சு இல்லையா?” என்று சிலர் வினவலாம். இவ்வினாவை உலகம் முன்பே எழுப்பி, அதன் விடையையும் துன்பப்பட்டு அறிந்துகொண்டது. டி.டி.டி. என்னும் நஞ்சு பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939-ஆம் ஆண்டில் கண்டறிந்த பால் முல்லர் என்பவர், அதற்காக 1948-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும், அந்நஞ்சு தீய பூச்சிகளோடு நல்ல பூச்சிகளையும் கொன்றது. மண்ணிலும் நீரிலும் உயிர்களின் உடலிலும் தங்கியது. ரேச்சல் கார்சன் என்னும் அமெரிக்க அம்மையார் இத்தகைய நஞ்சுகளின் கேட்டினை 1962-ஆம் ஆண்டில் நூலாக எழுதி உலகிற்கு உணர்த்தினார். இந்தியாவில் 1989-ஆம் ஆண்டில் பயிர்களுக்கு டி.டி.டி. தெளிப்பது தடைசெய்யப்பட்டது.

நல்ல பூச்சிகள் யாவை? செந்நிற முதுகில் கரும்புள்ளிகள் கொண்ட பொறிவண்டினைக் கண்டிருப்பீர்கள். அதுவும் அதன் புழுவும் அசுவினிகளை நாள்தோறும் பற்பல தின்கின்றன. அப்புழு சிறு முதலையைப் போன்ற தோற்றம் உடையது. அதனைப் பயிர்ப்பகை என்று எண்ணி நசுக்கிவிடுவோர் பலர். அது தன் காவலனையே கொல்லும் செயலாகும். பச்சை நிறக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவும் அசுவினியை உண்ணும். சில நுண்ணிய குளவிகள் அசுவினியின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகின்றன. உப்பி, பொன்னிறம் அடைந்து, அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினியைக் கண்டால், அதனுள் குளவி வளர்ந்திருக்கிறது என அறிந்து அவ்விலையைக் கிள்ளாமல் விட்டுவிட வேண்டும். பருத்தி வயலின் ஓரங்களில் தட்டைப்பயறு விதைப்பதும் இந்நண்பர்களை வரவழைப்பதற்கே.

இந்நண்பர்களின் ஆற்றலுக்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2002-ஆம் ஆண்டில் மகாராட்டிரம், கருநாடகம் ஆகிய மாநிலங்களில் கரும்பைப் பஞ்சு அசுவினி பெருந்திரளாகத் தாக்கியது. பின்னர் அது தமிழ்நாட்டிற்கும் பரவியது. ஆளுயரத்தினும் மேலாக வளர்ந்த கரும்புத் தோட்டத்தில் புகுந்து மருந்து தெளிப்பது அரிதாயிற்று. அந்நிலையில், பஞ்சு அசுவினியைத் தின்னும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்களையும், அதனுள் முட்டையிடும் நுண்குளவியையும் பெருக்கித் தோட்டங்களில் விட்டனர். கடுநஞ்சினைத் தவிர்த்து இவற்றைக் காத்த இடங்களில் அசுவினி அடங்கியது.

எனவே, தெளிப்பும் நட்புப் பூச்சியும் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை அல்ல. முன் கூறிய கணக்கில் எஞ்சிய 25 பூச்சிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றையும் ஒழிக்க நாம் நஞ்சினைத் தேட வேண்டுவதில்லை. அவை பொறிவண்டின் ஒருநாள் உணவுக்கே போதா. பெருங்கூட்டத்தைக் குறைப்பது நம் பணி; எஞ்சியதைத் தீர்ப்பது இயற்கையின் பணி. பொறிவண்டின் புழுக்கள் பலவாகத் தென்பட்டால் தெளிப்பதை நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்டால் செடி மிக மென்மையாகத் தளிர்த்து அசுவினியை அழைக்கும் என்பதையும் மறத்தல் ஆகாது.

ஒரு குடும்பத்தின் கொல்லையிலுள்ள ஓர் அவரைப் பந்தல், பனிக்காலம் முழுவதும் அக்குடும்பத்திற்குக் கறி தரும். அதனைக் காப்பதற்கு வேண்டுவன ஒரு கைத்தெளிப்பான், சிறிது வேப்பங்கொட்டை, வாரந்தோறும் சில நாழிகை உழைப்பு ஆகியவையே. மாணவர்கள் தத்தம் பள்ளித் தோட்டத்திலும் வீட்டுக் கொல்லையிலும் இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை மேற்கொள்வாராக. நட்பையும் பகையையும் பிரித்தறிந்து, பகை பெருகுமுன் முயன்று, அது ஓயும்வரை தளராதிருப்பின், பந்தல் நிறையக் காய் தொங்கும் என்பது உறுதி.