பளபளப்பு கூடத்துக்கு, குளியலறைக்கு வேண்டாம்!

பீன்யா தொழிற்பேட்டையில் உழைத்து, வைப்பு நிதிப் பணமும் எடுத்துச் சொந்த வீடு கட்டும் தமிழர்களுக்குக் கண்ணாடி போல் மின்னும் தரைமீது தனி ஆசை. ஆசைப்படுமுன் சில விஷயங்களைக் கவனிப்பது நல்லது.

குஜராத் மாநிலம் மோர்பியில் பெருமளவில் தயாராகும் விட்ரிஃபைடு டைல்ஸ் சுமார் 1,200 டிகிரி வெப்பத்தில் சுடப்படுபவை. அரை சதவீதத்துக்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். இதனால் வெறும் சிமெண்டு சரியாகப் பிடிக்காது. டைல்ஸ் ஒட்டும் பசையே ஏற்றது.

மினுமினுப்பு மேற்பரப்பில்தான் இருக்கிறது. மணல் உராய்ந்தால் கீறல் விழும். ஆசிட் பட்டால் மெருகு மங்கலாம். தண்ணீர் சிந்தினால் வழுக்கும். குளியலறைக்குச் சொரசொரப்பான டைல்ஸே பாதுகாப்பு.

10க்கு 10 அடி அறைக்கு 2 அடிச் சதுர டைல்ஸ் 25 வேண்டும். உடைசலுக்கு 3 கூட்டி, பெட்டிக்கு 4 வீதம் 7 பெட்டி வாங்கலாம். எல்லாப் பெட்டிகளிலும் நிற எண் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பார்வைக்கு அழகு வேண்டியதுதான். ஆனால், முதியோர் வழுக்கி விழாத வீடே நல்ல வீடு!