டெங்குக் காய்ச்சலும் கல்லீரலும்

1996ஆம் ஆண்டில் தில்லி மாநகரில் டெங்குக் கொள்ளைநோய் பரவியபோது, 10,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய வேளையில், சேர்க்கப்பட்டோருள் யாருடைய நிலை மோசமாகக்கூடும் என்பதை முன்னரே அறிவது மருத்துவமனைகளின் தலையாய கடமையாகும். இதற்குத் துணைபுரியும் உறுப்புகளுள் கல்லீரல் ஒன்று.

ஏடிஸ் கொசுவின் வாயிலாக உடலில் புகும் டெங்கு வைரஸ், கல்லீரலின் உயிரணுக்களையும் தாக்குகிறது. வைரஸை எதிர்க்க உடல் காட்டும் மிகையான எதிர்ப்பும், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் கல்லீரலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதும் அவ்வூறினை மிகுவிக்கின்றன. சிதைந்த உயிரணுக்களிலிருந்து ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்னும் நொதிகள் வெளியேறி இரத்தத்தில் கலக்கின்றன. நலமுடன் உள்ளவரிடம் இவற்றின் அளவு பொதுவாக லிட்டருக்குச் சுமார் 40 அலகுகளுக்குள்ளேயே இருக்கும். டெங்குவில் ஏ.எஸ்.டி.யே பெரும்பாலும் கூடுதலாக உயர்கிறது. இந்நொதி தசைகளிலும் இருப்பது இதற்கு ஒரு காரணம்.

மருத்துவமனையில் சேரும் டெங்கு நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் இவ்வுயர்வு ஓரளவு காணப்படுவதால், அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், இவற்றுள் ஒன்று 1,000 அலகுகளை எட்டினால், உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி அது கடுமையான டெங்குவாகும். கல்லீரல் 2 சென்டிமீட்டருக்கு மேல் வீங்குதல், வயிற்று வலி, ஓயாத வாந்தி, மிகுந்த சோர்வு ஆகியன எச்சரிக்கை அறிகுறிகள்.

காய்ச்சல் தணியும் நாட்களே பெரிதும் ஆபத்தானவை. நோய் நீங்கிற்று என்று கருதி வீடு திரும்புவோரிடம் நீர்க்கசிவும் அதிர்ச்சி நிலையும் இக்கட்டத்திலேயே தோன்றலாம். இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு நோயின் கடுமையை எடைபோடுவதும் தவறு. இரத்த அடர்த்தி, இரத்த அழுத்தம், கல்லீரலின் நிலை ஆகியவற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

மருந்திலும் எச்சரிக்கை தேவை. காய்ச்சலுக்குரிய பாரசிட்டமால், அளவு மீறினால் ஏற்கெனவே நலிந்த கல்லீரலை மேலும் கெடுக்கும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் ஆகியன இரத்தக் கசிவை மிகுவிக்கும் என்பதால் தவிர்க்கத்தக்கவை.

டெங்கு வைரஸை அழிக்கும் தனி மருந்து நடைமுறையில் இல்லாத நிலையில், உரிய வேளையில் அளவறிந்து நீர்ச்சத்து அளிப்பதே உயிர் காக்கும் சிகிச்சையாக விளங்குகிறது. அவ்வேளையை உணர்த்தும் எளிய இரத்தப் பரிசோதனைகள் மாநகரங்களில் மட்டுமன்றி, வட்ட மருத்துவமனைகளிலும் தடையின்றிக் கிடைக்கச் செய்தல் இன்றியமையாதது.