ஃபிரிட்ஜ் என்ன விலை மச்சி?

நாலு வருஷ இன்ஜினியரிங் முடிஞ்சது. வைவா ஆச்சு, நோ டியூஸ்ல எல்லாக் கையெழுத்தும் வாங்கியாச்சு. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வேலை. கல்லூரிக்குப் பின்னாடி நாங்க நாலு பேர் இருந்த வாடகை வீட்டை மே 31-க்குள்ள காலி பண்ணிச் சாவியைக் கொடுக்கணும். கொடுத்தாத்தான் அட்வான்ஸ் திரும்ப வரும்.

இருக்கிற சாமானை எல்லாம் ஹாலுக்குக் கொண்டு வந்தோம். ஸ்டடி டேபிள் ரெண்டு, டேபிள் ஃபேன், இண்டக்‌ஷன் ஸ்டவ், பிளாஸ்டிக் சேர், வாளி, மக், ட்ராஃப்டர், புத்தகக் கட்டு, நாலு மெத்தை, அப்புறம் ஒரு ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். அமெரிக்காவில் வீட்டுக் கார் ஷெட்டில் இப்படிப் பரப்பி வைத்து விற்பதற்கு ‘கராஜ் சேல்’ என்று பேர். நமக்குக் கராஜ் ஏது? ஹால் சேல்தான்.

“வித்துடலாம்”னு முடிவு பண்ண அஞ்சு நிமிஷம் ஆச்சு. “எவ்வளவுக்கு?”ன்னு முடிவு பண்ணத்தான் பத்து நாள். அந்தப் பத்து நாளில் நாங்கள் கற்றுக்கொண்டதை, அடுத்த வருஷம் வீடு காலி பண்ணப் போகும் உங்களுக்காக எழுதுகிறேன்.

சண்டை ஃபிரிட்ஜில்தான் ஆரம்பித்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சீனியர் ஒருத்தர்கிட்ட 6,500 ரூபாய்க்கு வாங்கினோம். வந்த ரெண்டாவது வாரமே கூலிங் நின்னு போச்சு. மெக்கானிக்குக்கு 1,800. ஆக மொத்தம் 8,300. “குறைஞ்சது 7,000-க்காவது விக்கணும்டா, இல்லேன்னா நமக்கு நஷ்டம்” என்றான் எங்க சிவில்காரன். 7,000-னு போட்டோம். ஒரு வாரம் ஆச்சு, ஒருத்தரும் வரலை.

நீங்க கொடுத்த விலையை மறந்துடுங்க

முதல் தப்பு அங்கேதான். நாம் என்ன கொடுத்தோம், ரிப்பேருக்கு எவ்வளவு அழுதோம் என்பதெல்லாம் நம்ம கதை. வாங்க வர்றவருக்கு அந்தக் கதை தேவையே இல்லை. போன பணம் போனதுதான். இன்றைக்கு நாம் எந்த முடிவு எடுத்தாலும் அது திரும்பி வராது. பொருளாதாரத்தில் இதை மூழ்கிய செலவு என்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நம்மகிட்ட இருக்கிற பொருள்னாலே அது நமக்குக் கொஞ்சம் ஒசத்தியாத் தெரியும். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூன்று பேரும் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வகுப்பில் இருந்த மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபி மக் கொடுத்து, விற்றால் என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். மீதிப் பேரிடம் என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். மக் கிடைத்துச் சில நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க நினைத்தவர்கள் சொன்ன விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல் இருந்தது. சில நிமிஷ மக்குக்கே இப்படின்னா, ரெண்டு வருஷம் நள்ளிரவு மேகியும் ஐஸ் தண்ணியும் கொடுத்த ஃபிரிட்ஜுக்கு நாங்க 7,000 கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு கூரை, ஒரு தரை

அப்போ விலையை எங்கிருந்து ஆரம்பிப்பது? எந்தச் சாமானுக்கும் ஒரு கூரையும் ஒரு தரையும் உண்டு.

கூரை என்பது அதே மாதிரிப் புதுப் பொருளின் இன்றைய கடை விலை. நீங்கள் வாங்கிய அன்றைய பில் விலை இல்லை, இன்றைய விலை. ஏனென்றால் வாங்குபவர் உங்கள் பொருளை ஒப்பிடப் போவது அதோடுதான். நல்ல ஆஃபரில் புதுசு கிடைக்கும்போது அதன் முக்கால் விலைக்குப் பழசை யாரும் தொடமாட்டார்கள்.

தரை என்பது காயலான் கடைக்காரர் எடைக்குப் போட்டால் கொடுக்கும் விலை. அதுக்கும் கீழே போனால், விற்பதைவிடத் தெரிந்த ஜூனியருக்குச் சும்மா கொடுப்பது மேல். குறைந்தபட்சம் ஒரு டீயாவது வாங்கிக் கொடுப்பான்.

இந்த ரெண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதை முடிவு செய்வது, பொருளில் மிச்சம் இருக்கும் ஆயுள். எல்லாப் பொருளும் ஒரே வேகத்தில் மதிப்பு இழப்பதில்லை. வருமான வரிக் கணக்கில் தொழில் செய்பவர்களுக்குத் தேய்மானம் கழிக்க ஒரு விகிதம் உண்டு: மரச்சாமானுக்கு வருஷம் 10 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம். ஒவ்வொரு வருஷமும் மிச்சம் இருக்கும் மதிப்பில் கழிக்க வேண்டும். 4,000 ரூபாய் டேபிள் நாலு வருஷம் கழித்துக் கணக்கில் சுமார் 2,624 ரூபாய். 50,000 ரூபாய் லேப்டாப் அதே நாலு வருஷத்தில் 6,480 ரூபாய்! இது வரிக்கான கணக்கு. சந்தை அப்படியே இதைக் கேட்காது. ஆனால் எது மெதுவாக இறங்கும், எது சறுக்கி விழும் என்று புரிந்துகொள்ள இது போதும்.

இன்ஜினியரிங் புத்தகத்துக்கு இந்தக் கணக்கு கூட உதவாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ரெகுலேஷன் போய் 2021 வந்த மாதிரி ஒரு மாற்றம் வந்தால், சிலபஸை நம்பி எழுதின லோக்கல் ஆத்தர் புத்தகம் ஒரே நாளில் எடைக்கு எடை பேப்பர். ட்ராஃப்டர் அப்படி இல்லை. கிராஃபிக்ஸ் பேப்பர் இருக்கும்வரை அதுக்கு மவுசு உண்டு.

எங்க ஃபிரிட்ஜ் கணக்கு

எட்டாவது நாள் மெக்கானிக்கல்காரன் ஒரு ஏ4 பேப்பரை எடுத்தான். கணக்கு இப்படிப் போனது.

அதே அளவு புது ஃபிரிட்ஜ் கடையில் 14,000 சொன்னார்கள். எங்களுடையதுக்கு ஆறு வயசு. நல்லாப் பார்த்துக்கிட்டா மொத்தம் பத்து வருஷம் ஓடும்னு வைத்துக்கொண்டோம். மிச்சம் நாற்பது சதவீதம், அதாவது 5,600. கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் கேஸ்கட் தளர்ந்திருந்தது, மாற்ற 700. எடுத்துப் போக டெம்போ வாடகை 500. ரெண்டையும் கழித்தால் 4,400. வாரண்டி இல்லை, நாளைக்கே நின்னு போனா வாங்கினவன்தான் அனுபவிக்கணும். அந்த ரிஸ்க்குக்கு 900 கழித்தோம். 3,500.

காயலான் கடையில் 1,200 என்றார்கள். ஆகத் தரைக்கு மேலே, கூரைக்கு ரொம்பக் கீழே. நம்ம ஊர்ல பேரம் பேசாம யாரும் வாங்கமாட்டாங்க. அதனால் 4,000-னு எழுதி, 3,500-க்குக் கீழே இறங்குவதில்லை என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். இந்த அடிமட்ட விலையை முன்கூட்டியே முடிவு செய்வது முக்கியம். இல்லேன்னா வாங்க வர்றவர் முன்னாடியே நாலு பேரும் நாலு விலை சொல்லுவீங்க.

குறையைச் சொல்லணுமா?

இங்கேதான் பெரிய சண்டை. “கேஸ்கட் மேட்டரை எதுக்குடா சொல்லணும்? நமக்கு யாரு சொன்னா?”ன்னு கேட்டான் இ.சி.இ.காரன். கேள்வி நியாயம்தான். எங்ககிட்ட வித்தவர் எதையும் சொல்லலை.

1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படையான வேலைகளில் அது முக்கியமானது. அவர் சொன்னதன் சாரம் இது: காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகப்பட்டே விலை கேட்பார். அந்தக் குறைந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் ஓட்டை வண்டிகள்தான் மிஞ்சும்.

எங்க ஹாலில் நடந்ததும் அதுதான். அந்த சீனியர் மறைத்ததற்கான விலையை நாங்கள் கொடுத்தோம். நாங்களும் மறைத்தால், இனிமேல் எந்த ஜூனியரும் சீனியர் பொருளுக்கு நியாயமான விலை கொடுக்க மாட்டான். மறைக்க நினைத்த 700 ரூபாயை ஏற்கெனவே விலையில் கழித்துவிட்டோமே, அப்புறம் சொல்வதற்கு என்ன பயம்? சொல்லிடலாம்னு மூணுக்கு ஒண்ணு ஓட்டில் முடிவாச்சு.

பார்க்க வந்தது ரெண்டாம் வருஷப் பையன்கள் மூணு பேர். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துக் காட்டினோம். நோட்டு சுலபமா வழுக்கிக்கிட்டு வந்தது. கேஸ்கட் இறுகப் பிடிக்கலைன்னு அர்த்தம். கணக்குப் போட்ட ஏ4 பேப்பரையே கையில் கொடுத்தோம். மூணு பேரும் தனியாப் போய்ப் பேசிட்டு வந்து, “3,600 ஓகேவா அண்ணா?” என்றார்கள். தலைக்கு 900. முடிஞ்சது.

மற்ற சாமான்களில் கற்றது

டேபிள் ஃபேனை 400-னு போட்டோம். மே மாச வெயில். போட்ட அஞ்சு நிமிஷத்தில் ஆறு பேர் கேட்டார்கள். அப்போதான் தெரிந்தது, விலையைக் குறைச்சுப் போட்டுட்டோம்னு. ஆனால் முதலில் கேட்டவருக்கு அதே விலைக்குத்தான் கொடுத்தோம். சொன்ன சொல்லை மாற்றக் கூடாது.

வாளி, மக், கொடிக்கயிறு இதையெல்லாம் தனித்தனியா யாரும் சீண்டலை. மூன்றையும் சேர்த்து ‘ரூம் செட் 150’ என்று எழுதினோம், போயே போச்சு. விலையை 50, 100 என்று முழுசாகப் போடுங்கள். சில்லறைக்கு அலைய வேண்டாம். கரண்ட்டில் ஓடுவதை ஓட்டிக் காட்டுங்கள். பில் இருந்தால் எடுத்து வையுங்கள்.

மெத்தை நாலும் போகவே இல்லை. ஒண்ணுல மூட்டைப்பூச்சி. மெத்தைக்கு எங்கள் தரை விலை பூஜ்யம்தான் என்று ஒத்துக்கொண்டோம்.

சிலதை எந்த விலைக்கும் விற்கக் கூடாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருந்தால் அடுத்த அடியைத் தாங்காது. கேஸ் சிலிண்டர் நமக்குச் சொந்தமே இல்லை. ரெகுலேட்டரோடு ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் பணம் வரும். லேப்டாப், போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணாமல் கொடுக்காதீர்கள். யாராவது, “பணம் வரணும்னா இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க”ன்னு சொன்னா உடனே கட் பண்ணிடுங்க. யு.பி.ஐ.-யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

முக்கியமான ஒன்று, நாள். கடைசி வாரம் வரைக்கும் 7,000-த்தைப் பிடித்துத் தொங்கியிருந்தால் மே 31 காலையில் 1,200-க்குத்தான் தள்ளியிருப்போம். ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பித்து, கேட்க ஆள் வரவில்லை என்றால் வாரத்துக்கு ஒருமுறை விலையை இறக்குங்கள்.

போன வாரம் அந்த ஃபிரிட்ஜ் வாங்கின பையன் போன் பண்ணினான். கேஸ்கட் மாத்திட்டானாம், நல்லா ஓடுதாம். அப்புறம் கேட்டான், “அண்ணா, ரெண்டு வருஷம் கழிச்சு நாங்க விக்கும்போது என்ன விலை சொல்லலாம்?”

“எங்களுக்கு எவ்வளவு கொடுத்தேன்னு மட்டும் யோசிக்காதே. அன்னைக்குப் புதுசு என்ன விலைன்னு கடையில கேளு”ன்னு சொன்னேன். அந்த ஏ4 பேப்பரை அவன் இன்னும் பத்திரமா வெச்சிருக்கானாம்.