இரத்தக் கொதிப்பு மாத்திரை: நன்மையும் எச்சரிக்கையும்

நாற்பது வயதைக் கடந்தவர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு விரைவில் இரத்தக் கொதிப்பில் வந்து நிற்கும். "தலை சுற்றுகிறதா? என் மாத்திரையில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்" என்று ஒருவர் கைப்பையைத் திறப்பார். அன்பினால் செய்யும் இவ்வுதவி சில வேளைகளில் ஆபத்தாக முடியும். கால்சியத் தடுப்பு மருந்துகள் எனும் வகையைச் சேர்ந்த மாத்திரைகள் நம்மில் பலர் வீட்டில் உள்ளன. அவற்றைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

எவ்வாறு வேலை செய்கின்றன?

இரத்தக் குழாயின் சுவரில் மெல்லிய தசைகள் உண்டு. அவை சுருங்க வேண்டுமானால், கால்சியம் எனும் சுண்ணாம்புச் சத்து நுண்ணிய வாயில்கள் வழியே தசையின் உயிரணுக்களுக்குள் செல்ல வேண்டும். இம்மருந்துகள் அவ்வாயில்களை ஓரளவு அடைக்கின்றன. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் குறைகிறது. ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் ஃபிளெக்கென்ஸ்டைன் 1960ஆம் ஆண்டுகளில் இதனைக் கண்டறிந்தார். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இவை குறைப்பதில்லை. ஆகவே பாலையும் மோரையும் ஒதுக்க வேண்டியதில்லை.

இவற்றில் இரு பிரிவுகள் உண்டு. அம்லோடிபின், நிஃபெடிபின், ஃபெலோடிபின் ஆகியவை பெரும்பாலும் இரத்தக் குழாய்களை விரிப்பவை. வெராபமில், டில்டியாஸெம் ஆகியவை இதயத் துடிப்பையும் மெதுவாக்குபவை. இரத்தக் கொதிப்புக்கு மட்டுமின்றி, இதய வலிக்கும் சிலவகைப் படபடப்புக்கும் மருத்துவர்கள் இவற்றைத் தருகிறார்கள். கர்ப்பிணிகளின் இரத்தக் கொதிப்புக்கும் நிஃபெடிபின் பயன்படுகிறது.

வேகம் தந்த பாடம்

ஒரு காலத்தில், அழுத்தம் மிக உயர்ந்தவருக்கு நிஃபெடிபின் குளிகையைத் துளையிட்டு நாக்கின் அடியில் வைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. சில நிமிடங்களில் அழுத்தம் சரிந்தது, பார்ப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் இதயத்துக்கும் அந்தத் திடீர்ச் சரிவினால் இரத்தம் போதாமற்போனது. சிலருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. விரைந்து செயல்படும் நிஃபெடிபினைப் பற்றி 1995ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் இதயநல ஆய்வுக் கழகமே எச்சரிக்கை விடுத்தது. அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

அப்படியானால் இவ்வகை மருந்துகள் யாவும் கெட்டவையா? அல்ல. 33,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2002-இல் வெளிவந்தது. மெதுவாகச் செயல்படும் அம்லோடிபின், மாரடைப்பைத் தடுப்பதில் பழைய நீரிறக்க மாத்திரைக்கு ஈடாகவே இருந்தது. ஆனால் இதயம் பலவீனமடைந்து நீர்கோக்கும் நிலை அம்லோடிபின் எடுத்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்யவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

பக்க விளைவுகள்

கணுக்கால் வீக்கம், தலைவலி, முகம் சூடாதல் ஆகியவை அம்லோடிபின் போன்றவற்றால் வரலாம். வெராபமில் மலச்சிக்கல் தரும். சிலருக்கு ஈறு தடிக்கும். வீக்கத்தைக் கண்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் உடனே செல்லுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. மெதுவாகக் கரையும் மாத்திரைகளை இடிக்கவோ மெல்லவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

2. வெராபமில் அல்லது டில்டியாஸெம் எடுப்பவர், அட்டெனலால் போன்ற மாத்திரையும் சேர்த்து எடுத்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். இரு மருத்துவர்களிடம் செல்பவர்கள் எல்லா மருந்துகளையும் இருவரிடமும் காட்டவேண்டும்.

3. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினை அம்லோடிபினுடன் எடுப்பவர்களுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமே உச்ச வரம்பு என 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்தது. மீறினால் தசைகள் பாதிக்கப்படலாம்.

4. கிரேப்ஃபுரூட் பழச்சாறு ஃபெலோடிபின், நிஃபெடிபின் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் உயர்த்தும். நாம் விரும்பி உண்ணும் பம்பளிமாசும் அதே இனத்துப் பழம். மருத்துவரைக் கேட்டு உண்ணுங்கள்.

5. விரத நாளிலும் மாத்திரையைத் தாமாக விடலாகாது. நேரத்தை மாற்றலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

6. பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஒன்றிரண்டு மாத்திரைகளே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே, குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், மருத்துவமனைக்கு விரையுங்கள். சில மாத்திரைகளின் விளைவு பல மணி நேரம் கழித்தே தெரியும். மாத்திரை அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

உங்கள் மாத்திரையின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தலை சுற்றினால் அவரை உட்கார வைத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மாத்திரை உங்களுக்கு மட்டுமே அளந்து தரப்பட்டது.