இருவர் இருவராக

(மறைபரப்பு ஞாயிறை முன்னிட்டு வானொலியில் வழங்கிய மறையுரை. பங்கு மக்களின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே மறுபதிப்பாகிறது.)



சில மாதங்களுக்கு முன்பு, திருப்பலி முடிந்ததும் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் அறை வாசலில் வந்து நின்றார். கணவரோடு தறியில் உட்கார்ந்து நெய்து பிள்ளையைப் படிக்க வைத்தவர். மகன் சென்னையில் வேலை செய்கிறான். "சாமி, பையனைத் தேடி வெள்ளைச் சட்டை, டை போட்ட ரெண்டு பசங்க வாராவாரம் வர்றாங்களாம். அவங்ககிட்ட மறுபடியும் ஞானஸ்நானம் வாங்கப் போறானாம். நம்ம கோயில்ல கொடுத்தது செல்லாதா சாமி?" என்று கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் முன், அந்த இரண்டு இளைஞர்கள் யார், அவர்கள் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். தெரியாமல் ஒருவரை ஏசுவது எளிது. அது நற்செய்தியின் வழியல்ல.

மார்மன்கள் என்று பலரும் அழைக்கும் அவர்களுடைய சபையின் முழுப் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை'. 1830ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது. தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. சென்னைக்கு அவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். 1853ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர், மனைவி மக்களை யூட்டாவில் விட்டுவிட்டு, தோழர்களோடு கப்பலேறி சென்னைப்பட்டினம் வந்து சேர்ந்தார். ஓராண்டு உழைத்தார், துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார். சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. 1854இல் திரும்பிவிட்டார். நெடுங்காலம் கழித்து, 1993இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியாவுக்கென ஒரு மறைபரப்பு மையம் அமைத்தார்கள்.

இன்று உலகெங்கும் அந்தச் சபைக்கு 70,000க்கும் அதிகமான மறைபரப்பாளர்கள் உண்டு. பெரும்பாலோர் இருபதைச் சுற்றிய வயதினர். ஆண்கள் 18 வயது முதலே போகலாம். இரண்டு ஆண்டுகள் பணி. பெண்களுக்குப் பதினெட்டு மாதம். சம்பளம் கிடையாது. செலவைத் தாங்கள் சேர்த்த பணத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும் கொடுக்கிறார்கள். எந்த ஊருக்குப் போவது என்று அவர்கள் தேர்ந்துகொள்ள முடியாது. சபை அனுப்பும் கடிதத்தில் என்ன ஊர் இருக்கிறதோ அங்கே போக வேண்டும்.

அவர்கள் நாள் காலை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது. உடற்பயிற்சி, செபம், காலை உணவு. பிறகு ஒரு மணி நேரம் தனியாக மறைநூல் படிப்பு, அடுத்துத் தோழரோடு சேர்ந்து படிப்பு. வேற்று ஊரில் பணி என்றால் அந்த ஊர் மொழியையும் கற்க வேண்டும். அதன்பின் வெயிலில் இறங்கினால் இரவு ஒன்பது மணிவாக்கில்தான் அறை திரும்புவார்கள். பத்தரைக்குப் படுக்கை. சினிமா இல்லை, காதல் இல்லை, காப்பி தேநீர்கூட இல்லை. வாரத்தில் ஒருநாள் பாதிப் பொழுது துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் கிடைக்கும். சில ஆண்டுகள் முன்புவரை வீட்டோடு தொலைபேசியில் பேசுவது ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே. 2019 முதல்தான் வாரம் ஒருமுறை பேச அனுமதித்தார்கள். தாய்மார்களே, பதினெட்டு வயதுப் பிள்ளையின் குரலை ஆண்டில் இருமுறை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்த அந்தத் தாய்மாரை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விதி உண்டு. அவர்கள் ஒருபோதும் தனியாகப் போவதில்லை. ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்க வேண்டும். பத்துக் கதவு தட்டினால் ஒன்பது மூடிக்கொள்ளும். அந்த ஒன்பதையும் இருவராகத்தான் தாங்க முடியும். காஞ்சிபுரத்தில் இருக்கும் நமக்கு இது புரியாத செய்தியல்ல. கோர்வைச் சேலை நெய்யும்போது உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெசவாளி ஒருவரால் மட்டும் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்குரிய நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அவர் கண்ணயர்ந்தால் உடலும் கரையும் கூடாது, சேலை பிரிந்து நிற்கும்.

இந்த வழி அவர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. ஆண்டவர் இயேசு தம் சீடர்களை இருவர் இருவராகவே அனுப்பினார் என்று மாற்கு ஆறாம் அதிகாரத்திலும் லூக்கா பத்தாம் அதிகாரத்திலும் வாசிக்கிறோம். நம் திருச்சபையிலும் அது வழக்கில் உண்டு. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் தோழர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. 1921இல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனையும் இருவராகத்தான் வீடு சந்திக்கிறது. நமக்காகக் கடல் கடந்தவர்களும் இளைஞர்களே. புனித அருளானந்தர் லிஸ்பன் நகரை விட்டு 1673இல் இந்தியா வந்தபோது வயது 26. தம் தாயின் கண்ணீரைக் கடந்துதான் வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூர் மணலில் இரத்தம் சிந்தினார்.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா? இல்லை. அன்பு வேறு, போதனை வேறு. தந்தை, மகன், தூய ஆவி என்னும் பெயர்களை அவர்களும் சொல்கிறார்கள். ஆனால் ஒரே கடவுள், மூன்று ஆள்கள் என்ற நம் மூவொரு கடவுள் நம்பிக்கையை அவர்கள் ஏற்பதில்லை. மூவரும் தனித்தனியானவர்கள், தந்தைக்கும் மனித உடல் உண்டு என்று போதிக்கிறார்கள். திருத்தூதர்களுக்குப் பின் திருச்சபை வழிதவறிப் போயிற்று, ஜோசப் ஸ்மித் வழியாகத்தான் மீண்டது என்கிறார்கள். விவிலியத்தோடு மார்மன் நூலையும் இறைவார்த்தையாகக் கொள்கிறார்கள். ஆகவேதான் 2001ஆம் ஆண்டு ஜூன் மாதம், உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அவர்கள் கொடுக்கும் திருமுழுக்கு செல்லாது என்று அறிவித்தது. தென்னிந்தியத் திருச்சபை, லூத்தரன் சபை போன்றவற்றின் திருமுழுக்கை நாம் ஏற்கிறோம். சொற்கள் ஒன்றாயிருந்தும் இங்கே பொருள் வேறாகிவிடுவதால் ஏற்க இயலவில்லை.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன விடை இதுதான்: "அம்மா, உங்கள் மகன் இந்தக் கோயிலில் பெற்ற திருமுழுக்கு செல்லும். அவன் எங்கே போனாலும் அது அழியாது. அதை இரண்டாம் முறை யாரும் கொடுக்கவும் முடியாது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நீங்க போய் அவன்கிட்ட சொல்லுங்க சாமி" என்றார்.

போனோம். அந்த இளைஞர் மரியாதையாக உட்கார வைத்து, பொறுமையாகக் கேட்டார். நாம் மேலே சொன்னதையெல்லாம் விளக்கி முடித்தபின் அவர் சொன்னார்: "ஃபாதர், நீங்க சொல்றது புரியுது. ஆனா நான் சென்னைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. நம்ம பங்கிலிருந்து ஒருத்தரும் ஒரு போன் பண்ணலை. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவேன், பின்வரிசையில நிப்பேன், திரும்பி வருவேன். என் பேர் யாருக்கும் தெரியாது. இவங்க ரெண்டு பேரும் முதல் நாளே எங்க அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க. ரூம் மாத்தினப்போ மூட்டை தூக்கினாங்க."

அன்பார்ந்தவர்களே, நமக்கு அங்கே பேச்சு எழவில்லை. இறையியல் படித்த ஆண்டுகளில் இதற்கு விடை தயாரித்து வைத்திருக்கவில்லை. நாம் அவருக்குச் சரியான போதனையைக் கொண்டு போனோம். ஆனால் மூன்று ஆண்டு தாமதமாகக் கொண்டு போனோம். அந்த மாலை அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டே திரும்பினோம்.

அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. வற்புறுத்தவும் நாம் விரும்பவில்லை. மாதம் இருமுறை பேசுகிறோம். சென்ற விடுமுறைக்கு ஊர் வந்தவர், அப்பாவின் தறியில் ஒரு பொழுது கரை நாடா தள்ளினார் என்று அவருடைய தாய் சொன்னார்.

ஆகவே இந்த மறைபரப்பு ஞாயிறுக்கு நாம் மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். ஒன்று, ஒவ்வோர் அன்பியமும் வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளியூர் போன பிள்ளைகளின் பெயரையும் அலைபேசி எண்ணையும் பெற்றோரிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். இரண்டு, மரியாயின் சேனையினரும் இளைஞர் இயக்கத்தினரும் இருவர் இருவராக அவர்களைப் பாருங்கள், அல்லது பேசுங்கள். அறிவுரைக்கு முன் நலம் விசாரியுங்கள். மூன்று, அந்த வெள்ளைச் சட்டை இளைஞர்கள் உங்கள் கதவைத் தட்டினால் விரட்டாதீர்கள். ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். உங்கள் நம்பிக்கை என்ன என்று அமைதியாகச் சொல்லுங்கள். நம்பிக்கைக்கு விளக்கம் கேட்பவர்களுக்குப் பணிவோடும் மரியாதையோடும் விடையளிக்கத் தயாராயிருக்கச் சொல்கிறார் புனித பேதுரு. அதற்கு நாமும் கொஞ்சம் படிக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை நடக்கும் மறைக்கல்வி வகுப்பு பெரியவர்களுக்கும்தான்.

தம் சீடர்களை இருவர் இருவராக அனுப்பிய ஆண்டவர், தொலைவில் இருக்கும் நம் பிள்ளைகளைக் காத்து, அவர்களைத் தேடிச் செல்லும் கால்களை நமக்கும் தருவாராக. ஆமென்.