குருக்கள்பட்டியில் கைதான வீரமாமுனிவர்: பீரங்கி இல்லாமல் வந்த பாதிரியார்களின் கதை தெரியுமா?

குற்றாலத்தில் குளிச்சு முடிச்சு சங்கரன்கோவில் பக்கம் போனீங்கன்னா, குருக்கள்பட்டின்னு ஒரு ஊர் இருக்கு. தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவர், 1714-15ல் இங்கே பணியாற்றியபோது கைது செய்யப்பட்டார். மரண தண்டனை வரை போய்த்தான் தப்பினார்.

வெள்ளைக்காரப் பாதிரியாருக்கே தண்டனையா? ஆமாம், அப்போது இங்கே வெள்ளைக்காரர் ஆட்சியே கிடையாது.

யார் ஆட்சி?

மதுரை நாயக்கர் ஆட்சி. கரிசல் காட்டில் தெலுங்கு பேசும் மக்களைக் குடியேற்றி, பாளையங்களை உருவாக்கியதும் அவர்கள்தான். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தங்கிய காமநாயக்கன்பட்டியும் எட்டயபுரம் பாளையத்தில் இருந்த ஊர். பாளையக்காரர் மனசு வைத்தால் கோயில் கட்டலாம், மாறினால் ஜெயில்.

கடற்கரையில் கதையே வேறு. 1530களில் பரதவர்கள் மதம் மாறியபோது போர்ச்சுகீசியக் கப்பல்கள் காவலுக்கு நின்றன. உள்நாட்டில் அந்தத் துணை இல்லை. அதனால்தான் 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி கட்டி, மரக்கறி சாப்பிட்டார். சேதுபதி சீமையில், ஓரியூரில் 1693ல் ஜான் டி பிரிட்டோவின் தலையே போனது.

அப்போ காலனியத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. ஆயர்களை நியமிக்கும் உரிமை போர்ச்சுகல் மன்னர் கையில் இருந்தது. 1773ல் இயேசு சபையைப் போப்பே கலைத்தார். அவர்கள் 1838ல் திரும்பி வந்தபோது பாளையங்கள் ஒடுங்கியிருந்தன. 1801லேயே நெல்லைச் சீமை கம்பெனி கைக்குப் போயாச்சு. குற்றாலத்தில் கம்பெனி ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டிருந்தது. அதிகாரிகள் கோடைக்கு அங்கே வந்து தங்கினார்கள்.

இந்த மாற்றம் எவ்வளவு பெரிசுன்னு வடக்கன்குளத்தைப் பார்த்தால் புரியும். அங்கே 1872ல் எழுந்த தேவாலயத்தில் சாதி வாரியாக மக்களைப் பிரிக்க நடுவில் தடுப்பு இருந்தது. அதை 1910ல் பாதிரியார்கள் இடித்தார்கள். எதிர்த்தவர்கள் இம்முறை பாளையக்காரரிடம் போகவில்லை, கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஆயர் பக்கம் தீர்ப்பு சொன்னது.