பொம்மைப் படை எரிந்த கதை: ஒரு விளையாட்டின் முடிவும் மீள்வருகையும்

2015ஆம் ஆண்டு ஜூலை மாதம். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் ஒரு காணொளி கண்ணில் பட்டது. மேலைநாட்டவர் ஒருவர் தன்னிடமிருந்த பொம்மைப் படையைக் குவித்துத் தீ வைக்கிறார். பிளாஸ்டிக் உருகிக் கரும்புகை எழுகிறது. அவர் விளையாடிவந்த விளையாட்டை அதைத் தயாரித்த நிறுவனம் நிறுத்திவிட்டதாம். அதற்கான எதிர்ப்பு அது.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். யுத்தம் முடிந்து ஆறு வருடங்களே ஆகியிருந்தன. சீருடையில் நின்ற பிள்ளையின் ஒரேயொரு படத்தைப் பயத்தில் அடுப்பில் போட்ட தாய்மார் எங்களுக்குள் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேறு கவலையே இல்லையா என்று நினைத்துக்கொண்டு கணினியை மூடிவிட்டேன்.

ஆனால் அந்தப் புகை மனதை விட்டுப் போகவில்லை. ஒரு விளையாட்டு நின்றுபோனதற்காக வளர்ந்த மனிதர்கள் ஏன் இவ்வளவு கலங்கினார்கள் என்று தேடத் தொடங்கினேன். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு, 2024 ஜனவரியில், அதே விளையாட்டு வேறு பெயரில் திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் நடந்தவற்றை வாசித்தபோது என் எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறியது.

மேசையில் ஒரு யுத்தம்

யுத்தத்தை மேசையில் வைத்து ஆடுவது புதிய பழக்கம் அல்ல. 1824ஆம் ஆண்டளவில் பிரஷ்ய இராணுவ அதிகாரியான ரைஸ்விட்ஸ் தன் தந்தை உருவாக்கிய போர் விளையாட்டைத் திருத்தி, அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் முறையாக மாற்றினார். அங்கே அது உண்மையான யுத்தத்துக்கான ஒத்திகை. அதற்கு நேர்மாறான நோக்கத்துடன் 1913இல் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடிப் பார்த்தால், உண்மையான யுத்தம் எவ்வளவு மடத்தனமானது என்பது புரியும் என்பது அவரது வாதம். அடுத்த வருடமே முதலாம் உலக யுத்தம் தொடங்கியது.

இந்த மரபில் வந்ததுதான் அந்தக் காணொளியில் எரிந்த ‘வோர்ஹாமர்’. கேம்ஸ் வேர்க்ஷொப் என்ற பிரித்தானிய நிறுவனம் 1983இல் அதை வெளியிட்டது. பிரயன் அன்செல், ரிச்சர்ட் ஹலிவெல், ரிக் பிரீஸ்ட்லி ஆகியோர் உருவாக்கிய விளையாட்டு அது. நிறுவனத்தின் தலைமையகம் நொட்டிங்ஹாம் நகரில் இருக்கிறது. விளையாட்டு நடக்கும் உலகம் கற்பனையானது. மத்தியகால ஐரோப்பாவின் சாயலில் ஒரு பேரரசு, குள்ளர்கள், எலி மனிதர்கள், பல்லி மனிதர்கள், இறந்த பின்னும் நடமாடும் மன்னர்கள் என்று பல படைகள் அங்கே உண்டு.

ஆடும் விதம் இதுதான். ஆறடி நீளம், நாலடி அகலமான மேசையின் இரு பக்கமும் இருவர் நிற்பார்கள். ஒன்றேகால் அங்குல உயரமளவிலான சிப்பாய் ஒவ்வொருவனும் ஒரு சதுர அடித்தட்டில் ஒட்டப்பட்டிருப்பான். சதுரம் ஏன் என்றால், இருபது பேரை ஐந்து ஐந்தாக நாலு வரிசையில் இடைவெளியின்றி நிறுத்தி ஓர் அணியாக நகர்த்துவதற்கு. நகர்வை அங்குலத்தில் அளப்பார்கள். வெட்டு விழுந்ததா, தப்பினானா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். முகத்துக்கு நேரே மோதுவதைவிடப் பக்கவாட்டில் புகுந்து தாக்குவது பெரிய அனுகூலம். தோற்ற அணி இரண்டு கட்டைகளை உருட்டி மனவுறுதியைச் சோதிக்கவேண்டும். தவறினால் ஓடும். அது ஓடுவதைக் கண்டு பக்கத்து அணியும் கலங்கலாம்.

இந்த விதிகளை வாசித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். பிரெட்டோனியா என்ற படையில் குதிரையேறிய பிரபுக்களும் உண்டு, கட்டாயத்தில் கொண்டுவரப்பட்ட குடியானவர்களும் உண்டு. குடியானவர்கள் சிதறி ஓடினாலும் பிரபுக்களின் அணி கலங்காது என்று பழைய பதிப்பில் ஒரு தனி விதியே இருந்தது. எழுதியவர்கள் பிரபுத்துவத்தைக் கிண்டல் செய்துதான் அதை எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் யுத்தம் என்றால் என்ன என்று கொஞ்சமாவது யோசித்தவர்கள் எழுதிய விதி அது என்று தோன்றியது.

ஓர் உலகம் முடித்துவைக்கப்பட்டது

2010இல் எட்டாவது பதிப்பு வந்தது. அதில் பெரிய அணிகளுக்கு அனுகூலம் அதிகம். பத்துப் பேர் அகலமான அணிகளை நிறுத்தவேண்டுமென்றால் நிறையப் பொம்மைகள் வேண்டும். அவற்றை வாங்கவேண்டும், ஒட்டவேண்டும், ஒவ்வொன்றாக வர்ணம் பூசவேண்டும். புதிதாக வரும் ஓர் இளைஞனுக்கு முதல் ஆட்டத்தை ஆடுவதற்கே பெரும் பணமும் பல மாத உழைப்பும் தேவைப்பட்டன. இன்னொரு பக்கம், அதே நிறுவனம் 1987இல் வெளியிட்ட ‘வோர்ஹாமர் 40,000’ என்ற எதிர்கால யுத்த விளையாட்டு கூடுதலாக விற்றுக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் மொத்த விற்பனை வருமானமும் 2013இல் 134.6 மில்லியன் பவுணாக இருந்து 2014இல் 123.5 மில்லியனாகக் குறைந்தது.

நிறுவனம் எடுத்த முடிவு, விளையாட்டை மட்டுமல்ல, அது நடந்த உலகத்தையே அழிப்பது. 2014 முதல் 2015 வரை ‘எண்ட் டைம்ஸ்’ என்ற தொடர் நூல்கள் வெளிவந்தன. கடைசி நூலில் அந்த உலகம் முற்றாக அழிந்தது. 2015 ஜூலையில் ‘ஏஜ் ஒஃப் சிக்மார்’ என்ற புதிய விளையாட்டு வந்தது. அதன் அடிப்படை விதிகள் நாலே பக்கம். சதுர அடித்தட்டுக்குப் பதிலாக வட்ட அடித்தட்டு. அணிவகுப்பு இல்லை. இரு படைகளும் சமபலமா என்று கணக்கிடும் புள்ளி முறையும் தொடக்கத்தில் இல்லை. எல்வ்ஸ், ஓர்க்ஸ் போன்ற பொதுவான பெயர்கள்கூட வணிக உரிமை கோரக்கூடிய புதுப் பெயர்களாக மாறின.

நியாயமாகச் சொன்னால், புதிய விளையாட்டு தோற்றுப்போகவில்லை. 2016இல் புள்ளி முறை சேர்க்கப்பட்டது. புதியவர்கள் வந்தார்கள். ஆனால் பழையவர்களின் துயரம் அதனால் தீரவில்லை. முப்பது வருடங்களாக அந்த உலகத்தின் வரைபடத்தில் தங்கள் சொந்த ஊரைக் குறித்து, தங்கள் தளபதிக்குப் பெயர் வைத்து, அவனுக்கு ஒரு கதை எழுதி வளர்த்தவர்கள் அவர்கள். அந்தக் கதைக்கான முடிவை எழுதும் உரிமை தங்களிடம் இருக்கவில்லை என்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

ஏக்கம் எதற்காக?

அவர்கள் எழுதிய நினைவுகளை நிறைய வாசித்தேன். யுத்தத்தின் வீரத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. சமையலறை மேசையில் தகப்பனோடு இருந்து வர்ணம் பூசியது, சனிக்கிழமைகளில் கடையில் கூடியது, ஒருபோதும் வெல்லாத நண்பன், பிறகு வேலைக்காக எங்கோ போய்விட்ட அவனோடு ஆடிய கடைசி ஆட்டம். இவைதான் திரும்பத் திரும்ப வந்தன.

சின்ன வயதில் நாங்களும் யுத்த விளையாட்டு விளையாடியிருக்கிறோம். பூவரசந்தடிதான் துவக்கு. ஆமியும் இயக்கமும் என்று பிரிந்து ஓடுவோம். ஆமியாக நிற்க யாரும் விரும்பாததால் முறை வைத்துத்தான் நிற்போம். அம்மா கண்டால் தடியைப் பறித்து முறித்துப்போடுவா. இன்று அதை நினைக்கும்போது எனக்கு வருவது அந்தத் தடியின் நினைவு அல்ல. கூட ஓடிய பிள்ளைகளின் நினைவு. அவர்களில் எல்லோரும் இன்று இல்லை. மேசையில் விழுந்த சிப்பாயை அடுத்த ஆட்டத்தில் எடுத்து நிறுத்தலாம். அந்த வசதி உள்ளவர்களின் ஏக்கமும் எங்களுடையதும் ஒன்றல்ல. ஆனாலும் இழந்த விளையாட்டு என்று சொல்லி மனிதர்கள் உண்மையில் யாரைத் தேடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது.

கைவிடாதவர்கள்

எரித்தவர் ஒருவர். எரிக்காமல் வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் மூன்று வழிகளில் அந்த விளையாட்டைக் காப்பாற்றினார்கள். சிலர் பழைய நூல்களை வைத்துக்கொண்டு ஆறாவது, எட்டாவது பதிப்புகளையே தொடர்ந்து ஆடினார்கள். சிலர் கூடி ‘நைன்த் ஏஜ்’ என்ற பெயரில் விதிகளைத் தாங்களே புதிதாக எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். வேறு சிலர், மன்டிக் என்ற இன்னொரு நிறுவனத்தின் ‘கிங்ஸ் ஒஃப் வோர்’ விளையாட்டுக்குத் தங்கள் பழைய பொம்மைகளோடு போனார்கள். அந்த விளையாட்டை வடிவமைத்த அலெசியோ கவட்டோரே முன்பு கேம்ஸ் வேர்க்ஷொப்பில் வேலை செய்தவர்.

நான்காவது உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2016 மே மாதம் ‘டோட்டல் வோர்: வோர்ஹாமர்’ என்ற கணினி விளையாட்டு வெளியானது. அழிக்கப்பட்ட அதே பழைய உலகம்தான் அதன் களம். 2017இலும் 2022இலும் அடுத்த பாகங்கள் வந்தன. மேசை விளையாட்டை அறியாத இளைஞர்கள்கூடப் பிரெட்டோனியாவையும் கல்லறை மன்னர்களையும் தெரிந்துகொண்டார்கள். உரிமையாளர் முடித்துவிட்டதாக அறிவித்த உலகத்துக்கு விலை இருக்கிறது என்று சந்தை காட்டியது.

2019 நவம்பரில் நிறுவனம் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் பழைய உலகம் திரும்பும் என்று அறிவித்தது. விளையாட்டு கைக்கு வர நாலு வருடத்துக்கு மேல் ஆனது. முதலில் வந்தவை பிரெட்டோனியாவும் கல்லறை மன்னர்களும். 2015க்குப் பிறகு விற்பனையிலிருந்தே நீக்கப்பட்டு, பழைய கைமாற்றுச் சந்தையில் மட்டும் கிடைத்த படைகள் அவை. உலகம் அழிந்த கதையை நிறுவனம் மாற்றவில்லை. காலத்தைப் பின்னால் நகர்த்தி, அழிவுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முந்திய காலத்தில் விளையாட்டை வைத்தது.

திரும்பி வராதவை

இங்கேதான் கவனிக்கவேண்டிய விடயம் இருக்கிறது. ஒன்பது படைகள் முழுமையான ஆதரவோடு திரும்பின. பிறகு 2025இல் ‘கிராண்ட் கத்தாய்’ என்ற புதிய படையும் சேர்ந்தது. ஆனால் பழைய ஏழு படைகளுக்குக் கிடைத்தது ஒவ்வொரு இலவச மின்கோப்பு மட்டுமே. டார்க் எல்வ்ஸ், எலி மனிதர்கள், பல்லி மனிதர்கள், இரத்தக்காட்டேரிப் பிரபுக்கள், ஓகர்கள், பேய்ப்படை, கேயொஸ் குள்ளர்கள் ஆகியவையே அந்த ஏழு. ஆடலாம், ஆனால் மேலும் வளர்க்கமாட்டோம் என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. இவற்றில் பலவற்றின் பொம்மைகள் மறுபக்கத்தில் ‘ஏஜ் ஒஃப் சிக்மாருக்காக’ விற்பனையில் இருக்கின்றன.

வணிகக் கணக்கு விளங்குகிறது. 2024 டிசம்பரில் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்த நிறுவனம் அது. கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. ஆனால் மீட்டுத் தருகிறவரே எது மீளும், எது மீளாது என்பதையும் தீர்மானிக்கிறார். இது எங்களுக்குப் புதிதல்ல. காணி விடுவிப்பு என்று சொல்வார்கள். வேலியின் இந்தப் பக்கம் விடுபடும், அந்தப் பக்கம் விடுபடாது. பொம்மையையும் காணியையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. பாதியைப் பெற்றுக்கொண்டு நன்றி சொல்லும்போது மீதியைக் கேட்கும் குரல் தாழ்ந்துவிடுகிறது என்பதை மட்டும் இரண்டு இடத்திலும் காண்கிறேன்.

அந்த ஏழு படைகளின் ஆட்கள் குரலைத் தாழ்த்தவில்லை. தங்கள் படை முழுமையாகத் திரும்பும் என்ற நம்பிக்கையைப் பகிரங்கமாகவே சொல்கிறார்கள். இலவச மின்கோப்பை அச்சிட்டுக் கட்டி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். 2015இல் வட்ட அடித்தட்டுக்கு மாற்றிய சிப்பாய்களைக் கத்தியால் மெல்லக் கிளப்பி, மறுபடி சதுரத்தில் ஒட்டும் காணொளிகள் இணையத்தில் நிறைய உண்டு.

2015இல் நான் பார்த்த அந்தக் காணொளியை இதை எழுதுவதற்காக மறுபடி நினைத்துப் பார்த்தேன். அவர் அன்று எரித்தது டார்க் எல்வ்ஸ் படையை. நிறுவனம் இன்னும் முழுமையாகத் திருப்பித் தராத ஏழில் அதுவும் ஒன்று. அதே படையை அன்று எரிக்காமல் பெட்டியில் கட்டி வைத்தவர்கள் இன்று அதை மேசையில் இறக்கி ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.